விசிறி விமானங்களின் உழைப்பு வரலாறு: மலாயா, சிங்கப்பூர், போர்னியோ (1937 முதல் இன்று வரை)

முன்னுரை

போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் காலத்தைக் கருவிகளின் பெயரால் பகுப்பது வழக்கம். பாய்மரக் காலம், நீராவிக் காலம், விசிறி விமானக் காலம், ஜெட் காலம் என்னும் பகுப்பு நம் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது. கற்பிப்பதற்கு எளிதாயினும் இப்பகுப்பு ஒரு தவறான எண்ணத்தையும் உடன் விதைக்கிறது. புதியது வந்த அன்றே பழையது ஓய்ந்துவிட்டது என்பதே அவ்வெண்ணம். கண்முன் உள்ள சான்றுகள் இதற்கு மாறாக இருக்கின்றன. ஜெட் பயணிகள் விமானம் உலகில் முதன்முதலாகச் சேவைக்கு வந்தது 1952ஆம் ஆண்டில். அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஆயினும் சரவாக்கின் உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு இன்றும் விசிறி விமானமே செல்கிறது.

விசிறி விமானம் எனும்போது, இறக்கையின் முன்னோ மூக்கின் முனையிலோ அலகுகள் சுழல, அச்சுழற்சியின் இழுவிசையால் முன்செல்லும் விமானத்தையே குறிக்கிறோம். அதன் உள்ளே இருப்பது மோட்டார் வண்டியில் உள்ளதுபோன்ற பிஸ்டன் இயந்திரமாகவும் இருக்கலாம். டர்பைன் இயந்திரமாகவும் இருக்கலாம். பின்னதை டர்போபுரொப் என்பர். இவ்விரு வகையும் நம் வட்டாரத்தில் ஆற்றிய பணியை 1937ஆம் ஆண்டு முதலாகத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு விமானம் எப்போது வடிவமைக்கப்பட்டது, எவ்வளவு விரைவாகப் பறந்தது என்பனவற்றைவிட, அது யாருக்காக, எத்தகைய நிலத்தில், எவ்வளவு காலம் உழைத்தது என்பனவே இங்கு முதன்மை பெறுகின்றன.

விசிறி நிலைத்தமைக்கான காரணம்

வரலாற்றுக்குள் புகுமுன் விசிறியின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நன்று. விமானத்தை முன்னே தள்ள வேண்டுமாயின் காற்றைப் பின்னே தள்ள வேண்டும். மிகுதியான காற்றை மெதுவாகத் தள்ளலாம். குறைவான காற்றை மிக வேகமாகத் தள்ளலாம். இரண்டிலும் ஒரே அளவு உந்துவிசையைப் பெறலாம் எனினும், முன்னதற்கே எரிபொருள் குறைவாகச் செலவாகும். விசிறி செய்வது முன்னதை. தொடக்ககால ஜெட் இயந்திரம் செய்தது பின்னதை.

விசிறிக்கு ஓர் எல்லையும் உண்டு. விமானத்தின் வேகம் கூடக் கூட, அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குகிறது. அப்போது அதன் திறன் சரிகிறது; இரைச்சல் பெருகுகிறது. ஆகவே நெடுந்தொலைவை விரைந்து கடக்கும் பணியில் ஜெட் வென்றது. ஆனால் கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கோ, மிரியிலிருந்து மருடிக்கோ செல்லும் விமானம் தன் முழு உயரத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. அத்தகைய வழித்தடத்தில் ஜெட்டின் வேகம் மிச்சப்படுத்தித் தருவது சில நிமிடங்களே. அதற்குக் கொடுக்கும் எரிபொருளோ அதிகம். மேலும், விசிறி எழுப்பும் காற்று இறக்கையின் மீது பாய்வதால் குறைந்த வேகத்திலும் விமானத்துக்குத் தாங்குவிசை கிடைக்கிறது. குறுகிய ஓடுபாதையில் எழவும் இறங்கவும் இது துணைசெய்கிறது. தொலைவு, ஓடுபாதை, எரிபொருள் என்னும் இம்மூன்றையும் மனத்திற்கொண்டால் பின்வரும் வரலாறு தெளிவாகும்.

போருக்கு முந்திய மலாயா

உலகின் இப்பகுதியில் விமானம் முதலில் அஞ்சலுக்காகவே வந்தது. இந்தியாவிலும் நிலைமை அதுவே. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றை இயந்திரப் பஸ் மோத் விமானத்தில் கொணர்ந்தது அஞ்சல் பைகளையே. அவற்றை அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். பயணிகளை ஏற்றிப் பிழைப்பது அக்காலத்தில் எந்த நிறுவனத்துக்கும் எளிதன்று.

மலாயாவில் உள்நாட்டுப் பயணிகள் சேவையை 1937 ஜூன் மாதத்தில் வேர்ன் சகோதரர்களின் நிறுவனம் தொடங்கியது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்றையும் அது இணைத்தது. பயன்பட்டவை டி ஹாவிலாண்ட் ரேப்பிட் என்னும் இரட்டை இயந்திர, இரட்டை அடுக்கு இறக்கை விமானங்கள். மரத்தாலும் துணியாலும் ஆன அவ்விமானங்களில் ஏறத்தாழ எண்மரே அமர முடியும். அதே மாதத்தில்தான் சிங்கப்பூரின் காலாங் விமான நிலையமும் திறக்கப்பட்டது. தரை விமானங்களுக்கும் நீரில் இறங்கும் பறக்கும் படகுகளுக்கும் ஒரே இடத்தில் வசதி செய்யப்பட்டிருந்தமை அந்நிலையத்தின் சிறப்பு.

இச்சேவைகளைப் பயன்படுத்தியவர் யார் என்னும் வினா சமூக வரலாற்று நோக்கில் முக்கியமானது. அரசு அதிகாரிகளும் பெருவணிகரும் தோட்ட, சுரங்க நிறுவனங்களின் உயர் அலுவலருமே வானில் சென்றனர். அதே ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மலாயாவுக்கு வந்த தமிழர் கப்பலின் மேல்தளத்தில் பல நாள் பயணம் செய்தே வந்தனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் 1970களின் முற்பகுதி வரை அவ்வழியில் ஓடியது. அதாவது, மலாயாவில் விசிறி விமானம் பிறந்து, தழைத்து, ஜெட்டுக்கு வழிவிட்ட காலம் முழுவதும் நம் முன்னோருள் பெரும்பாலார்க்குக் கப்பலே வாகனமாக இருந்தது. விமான வரலாற்றை மக்கள் அனைவரின் வரலாறாக எழுதுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது.

ஜப்பானியப் படையெடுப்போடு வேர்ன் நிறுவனத்தின் வான்சேவை முடிவுற்றது.

டிசி-3: போர் பெருக்கிய உழைப்பாளி

விசிறி விமானங்களுள் மிக நீண்டகாலம் உழைத்தது எதுவென வினவினால், டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 என்றே பெரும்பாலார் விடையிறுப்பர். அது முதன்முதலாகப் பறந்தது 1935 டிசம்பர் 17ஆம் நாள், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில். ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. இருபத்தொரு பயணிகளை ஏற்றவல்ல அவ்விமானம் அஞ்சல் மானியத்தை எதிர்பாராது பயணச்சீட்டு வருவாயாலேயே ஆதாயம் ஈட்டியது. விமான நிறுவனங்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது அதன் வருகையால்தான் எனலாம்.

பயணிகளுக்கென அமெரிக்காவில் கட்டப்பட்டவை 607 மட்டுமே. போர் அத்தொகையைப் பெருக்கியது. படைத்துறை வடிவங்களையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. சோவியத் ஒன்றியமும் ஜப்பானும் உரிமம் பெற்றுத் தத்தம் நாட்டில் கட்டின. பிரிட்டிஷ் வான்படை இதற்கு டக்கோட்டா என்று பெயரிட்டது. போர்க்காலத்தில் அசாமிலிருந்து இமயத் தொடரின் கிழக்கு முனையைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குப் பொருள் கொண்டுசென்ற பணியிலும் இதற்குப் பங்குண்டு.

போர் முடிந்ததும் இவ்விமானங்கள் ஆயிரக்கணக்கில் வேலையின்றி நின்றன. குறைந்த விலைக்குக் கிடைத்தன. பயிற்சி பெற்ற விமானிகளும் பொறிவினைஞரும் படையிலிருந்து விடுபட்டிருந்தனர். உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைத்தன. ஆசியாவில் விடுதலை பெற்ற, பெறவிருந்த நாடுகள் தமக்கென வான்சேவையைத் தொடங்க இயன்றமைக்கு இச்சூழலே பெருங்காரணம்.

மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அது 1937 அக்டோபரிலேயே பதிவு செய்யப்பட்டது. லிவர்பூலின் ஓஷன் ஸ்டீம்ஷிப், சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் ஆகிய இரு கப்பல் நிறுவனங்களும் இம்பீரியல் ஏர்வேஸும் அதன் பங்காளிகள். கப்பல் முதலாளிகளே வானிலும் முதலிட்டனர் என்பது நோக்கத்தக்கது. பதிவான நாளிலிருந்து பத்தாண்டுகள் அந்நிறுவனம் பறக்கவில்லை. 1947 ஏப்ரல் 2ஆம் நாள் ஐந்து பயணிகளை ஏற்றும் ஏர்ஸ்பீட் கான்சல் என்னும் சிறு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குத் தனிப்பயணமாகப் பறந்தது. மே 1 முதல் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு வழித்தடத்தில் முறையான சேவை தொடங்கியது. கான்சலும் போர்க்காலப் பயிற்சி விமானமொன்றின் மறுவடிவமே. தேவை விரைவில் பெருகவே நிறுவனம் டிசி-3க்கு மாறியது. 1950களில் பாங்காக், சைகோன், ஜக்கார்த்தா ஆகிய நகரங்களுக்கும் போர்னியோவுக்கும் அவ்விமானங்கள் சென்றன.

டிசி-3 இவ்வளவு காலம் நீடித்தமைக்கு இரு காரணங்களைச் சிறப்பாகக் குறிப்பிடலாம். ஒன்று, அதன் இறக்கை பல அறைகளாகப் பகுக்கப்பட்ட உட்கட்டமைப்பை உடையது. ஓரிடத்தில் பழுது நேர்ந்தாலும் சுமை பிற பகுதிகளுக்குப் பரவும். மற்றொன்று, அதன் உடற்பகுதியில் காற்றழுத்தம் ஏற்றப்படுவதில்லை. உயரப் பறக்கும் விமானங்களின் உடல் ஒவ்வொரு பயணத்திலும் ஊதிச் சுருங்குகிறது. அதனால் உலோகம் நாளடைவில் களைப்புறுகிறது. 1954இல் இரு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கு அதுவே காரணமாயிற்று. தாழப் பறந்த டிசி-3க்கு அந்நோய் இல்லை. மழைமேகத்தைத் தாண்டி உயர இயலாது அதனூடே குலுங்கிச் சென்றது அதன் குறை; அக்குறையே அதன் ஆயுளையும் நீட்டித்தது.

எனினும், நீண்ட ஆயுள் இலவசமாகக் கிடைப்பதன்று. டிசி-3இன் இயந்திரம் ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள். சிலிண்டருக்கு இரண்டாக 28 தீப்பொறிச் செருகிகள். இரண்டு இயந்திரங்களுக்கும் சேர்த்து 56. இவற்றைக் கழற்றித் துடைத்துச் சோதித்துப் பொருத்துவோரின் உழைப்பே விமானத்தை வானில் வைத்திருந்தது. இதுபற்றிப் பின்னர்க் காண்போம்.

அவசரகாலமும் காட்டின் மீதான பறப்பும்

1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலம் விசிறி விமானத்துக்கு வேறொரு பணியைத் தந்தது. காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்த படைப்பிரிவுகளுக்கு உணவும் மருந்தும் வெடிபொருளும் வானிலிருந்தே இறக்கப்பட்டன. முதலில் பிரிட்டிஷ் வான்படையின் டக்கோட்டாக்களும் பின்னர் வாலெட்டாக்களும் இதனைச் செய்தன. மலையிடுக்கில் மரங்களுக்கிடையே வெட்டிய சிறு வெளியைத் தேடி, மெதுவாகத் தாழப் பறந்து, மூட்டைகளைக் குடைகட்டித் தள்ள வேண்டும். காலை மூடுபனி விலகுவதற்கும் பிற்பகல் மழைமேகம் திரள்வதற்கும் இடைப்பட்ட சில மணி நேரமே இதற்கு ஏற்றது. வேகமான விமானத்துக்கு இங்கு வேலையே இல்லை.

ஒலிபெருக்கி பூட்டிய டக்கோட்டாக்கள் காட்டின் மீது வட்டமிட்டு, சரணடையுமாறு போராளிகளை அழைத்தன. துண்டறிக்கைகள் பெருந்தொகையாகத் தூவப்பட்டன. ஒரே விமானம் ஒருபுறம் உணவையும் மறுபுறம் பரப்புரையையும் சுமந்தது. விசிறி விமானத்தின் உழைப்பைப் போற்றுமிடத்து, அவ்வுழைப்பு யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தது என்பதையும் வரலாற்று மாணவர் வினவுதல் வேண்டும். காலனி அரசு தரைவழியே எட்டவியலாத நிலப்பரப்பை முதன்முதலாக வான்வழியே தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது இக்காலத்தில்தான். உட்காட்டில் அமைந்த கோட்டைகளுக்கு அருகே வெட்டப்பட்ட சிறு ஓடுதளங்களில் பயோனியர் வகை விமானங்கள் இறங்கின. ஓராங் அஸ்லி மக்கள் அரசை நேருக்கு நேர் சந்தித்த இடங்களுள் அவ்வோடுதளங்களும் அடங்கும்.

1958இல் மலாயாக் கூட்டரசு தன் வான்படையை நிறுவியபோது அது பெற்ற முதல் விமானமும் அவ்வகையைச் சார்ந்ததே. ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்த ட்வின் பயோனியருக்கு லாங் ராஜாவலி என்று பெயரிடப்பட்டது. குறுகிய ஓடுதளத்தில் இறங்கவல்ல மெதுவான விசிறி விமானத்தோடு ஒரு புதிய நாட்டின் வான்படை தொடங்கியது அந்நாட்டின் நிலவியலுக்குப் பொருந்துவதாகவே உள்ளது.

டர்பைன் தந்த மறுவாழ்வு

பிஸ்டன் இயந்திரத்தின் வளர்ச்சி 1950களில் தன் எல்லையை எட்டியது. ஆற்றலைக் கூட்டச் சிலிண்டர்களைக் கூட்ட வேண்டியிருந்தது. சிலிண்டர்கள் கூடக் கூடப் பழுதும் பெருகியது. இந்நிலையில் ஜெட் இயந்திரத்தின் உட்கருவான டர்பைனையே விசிறியைச் சுழற்றப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து செயலுக்கு வந்தது. டர்பைன் மிகவேகமாகச் சுழலும். பற்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைத்து விசிறிக்கு அளிக்கும். முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன்கள் இல்லாமையால் அதிர்வு குறைந்தது. 1950 ஜூலை 29ஆம் நாள் இலண்டன், பாரிஸ் நகரங்களுக்கிடையே விக்கர்ஸ் வைக்கவுண்ட் விமானம் கட்டணப் பயணிகளோடு பறந்ததே உலகின் முதல் டர்போபுரொப் சேவையாகும்.

மலாயன் ஏர்வேஸும் இம்மாற்றத்தைப் பின்பற்றியது. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் டிசி-4, சூப்பர் கான்ஸ்டலேஷன், வைக்கவுண்ட், பிரித்தானியா ஆகியவை அதன் சேவையில் இடம்பெற்றன. குறுந்தொலைவுத் தடங்களில் டிசி-3இன் இடத்தைப் பிடித்தது நெதர்லாந்தின் ஃபொக்கர் எஃப்-27. 1955இல் முதலில் பறந்த அவ்விமானம் டிசி-3க்கு மாற்றாகவே வடிவமைக்கப்பட்டது. இறக்கை உடலின் மேற்பகுதியில் பொருத்தப்பட்டிருந்தமையால் சாளரத்தோரப் பயணிகள் கீழேயுள்ள நிலத்தைத் தடையின்றிக் கண்டனர். ஈயச் சுரங்கங்களின் நீர்த்தேக்கங்களையும் வரிசை தப்பாத ரப்பர்த் தோட்டங்களையும் மேலிருந்து ஒருசேரக் காணும் வாய்ப்பை நம் நாட்டவர் பலர் முதலில் பெற்றது இவ்விமானத்திலிருந்துதான் எனக் கருத இடமுண்டு.

1963இல் மலேசியன் ஏர்வேஸ் எனவும் 1966இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எனவும் பெயர் மாறிய நிறுவனம் 1972 அக்டோபரில் இரண்டாயிற்று. அப்பிரிவினை விசிறி விமானத்தின் இயல்பை நன்கு விளக்குகிறது. உள்நாட்டுத் தடமே இல்லாத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் ஜெட் விமானங்கள் பத்துடன் பன்னாட்டுச் சேவையைத் தொடங்கியது. தீபகற்பத்தின் சிறுநகரங்களையும் போர்னியோவின் உள்நாட்டையும் இணைக்க வேண்டிய மலேசிய நிறுவனத்துக்கு எஃப்-27களும் சிறு விமானங்களும் உரியவாயின. ஒரே நிறுவனத்தின் உடைமைகள் இரு நாடுகளின் நில அமைப்புக்கேற்பப் பிரிந்தன. விசிறியா ஜெட்டா என்பதைத் தீர்மானித்தது தொழில்நுட்ப முன்னேற்றம் மட்டுமன்று. நாட்டின் வடிவமும் ஆகும்.

பின்னர் எஃப்-27இன் இடத்துக்கு அதன் வழித்தோன்றலான ஃபொக்கர் 50 வந்தது. அதனை அடுத்து, பிரெஞ்சு-இத்தாலியக் கூட்டு நிறுவனத்தின் ஏடிஆர் 72 வந்தது. 1998இல் பெரிய விமான நிலையம் சிப்பாங்கில் திறக்கப்பட்ட பின் ஓய்ந்துகிடந்த சுபாங் நிலையத்துக்கு மறுவாழ்வு அளித்தவை விசிறி விமானங்களே. ஜெட் சேவைகள் 2024 ஆகஸ்டில் அங்குத் திரும்பும் வரை அந்நிலையத்தின் முறையான பயணிகள் சேவை டர்போபுரொப்களையே நம்பியிருந்தது.

போர்னியோவின் உள்நாடு

விசிறி விமானத்தின் பணி வசதி என்னும் நிலையைத் தாண்டி வாழ்வாதாரம் என்னும் நிலையை எட்டுவது போர்னியோவில்தான். சரவாக்கின் வடகிழக்கில் உள்ள கெலாபிட் மேட்டுநிலத்தின் வரலாறு இதனைக் காட்டும். 1945 மார்ச் 25ஆம் நாள் டாம் ஹாரிசன் தலைமையிலான நேசநாட்டுச் சிறுபடை ஒன்று பாரியோ சமவெளியில் லிபரேட்டர் விமானங்களிலிருந்து குதித்தது. குதித்தவரைத் திரும்ப அழைத்துவர வழியில்லை. அண்மைப் பள்ளத்தாக்கில் உள்ள பெலாவிட்டில் ஊர்மக்கள் மூங்கிலைப் பிளந்து சேற்றுநிலத்தின் மீது பாயாக விரித்து ஓடுபாதை ஒன்றை அமைத்தனர். ஆஸ்டர் என்னும் சிறு விமானங்கள் அதில் இறங்கி எழுந்தன. மேட்டுநில மக்கள் தம் கைப்பொருளையும் கைத்திறனையும் கொண்டு வானத்துக்கு வாயில் அமைத்த நிகழ்ச்சி இது. ஆயினும் அதனை அமைத்தவர் பெயர்களைவிட அமைக்கச் சொன்னவர் பெயரே நூல்களில் நிலைத்துள்ளது.

போருக்குப் பின் 1953இல் சபா ஏர்வேஸும் 1957இல் போர்னியோ ஏர்வேஸும் தோன்றின. ரேப்பிட், ட்வின் பயோனியர், டிசி-3 ஆகியவை இங்கு உழைத்தன. 1965இல் போர்னியோ ஏர்வேஸ் மலேசியன் ஏர்வேஸோடு இணைந்தது. தொடர்ந்து பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் என்னும் சிறு பிஸ்டன் விமானமும், அதன்பின் கனடாவின் ட்வின் ஆட்டரும் உள்நாட்டுச் சேவையை ஏற்றன.

ட்வின் ஆட்டரின் வாழ்க்கை தனித்து நோக்கத்தக்கது. 1965 மே மாதம் முதலில் பறந்த அவ்விமானம் 19 பயணிகளை ஏற்றும். உள்ளிழுக்காத சக்கரங்கள், நேரான இறக்கை, எளிய உடல் என அதன் அமைப்பில் அலங்காரம் ஏதுமில்லை. 844 விமானங்கள் கட்டப்பட்ட பின் 1988இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு மாற்று கிடைக்கவில்லை. ஆகவே வேறொரு கனடிய நிறுவனம் வடிவுரிமையை வாங்கி, 2010 முதல் அதே விமானத்தைப் புதிய இயந்திரத்தோடும் கருவிகளோடும் மீண்டும் கட்டலாயிற்று. இருபதாண்டு இடைவெளிக்குப் பின் ஒரு விமானம் மறுபடியும் உற்பத்திக்கு வருவது அரிது. புதியது வந்தால் பழையது ஓயும் என்னும் பகுப்புக்கு இதனினும் வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

2007 அக்டோபர் முதல் சரவாக், சபா உள்நாட்டுச் சேவையை மாஸ்விங்ஸ் ஏற்று நடத்தியது. பாரியோ, பா கெலாலான், லோங் அக்கா, லோங் செரிடான் போன்ற ஊர்களுக்கு ட்வின் ஆட்டரும், மூலு போன்ற இடங்களுக்கு ஏடிஆர் 72உம் சென்றன. ட்வின் ஆட்டரில் ஏறுமுன் பயணப் பையை மட்டுமன்றிப் பயணியையும் நிறுத்து எடை காண்பர். குறுகிய ஓடுபாதையில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் சேரும். மருந்தும் பாடநூலும் மேலே செல்ல, பாரியோ அரிசியும் நோயாளிகளும் பள்ளி விடுதிக்குச் செல்லும் பிள்ளைகளும் கீழே வருவர்.

இத்தடங்கள் பயணச்சீட்டு வருவாயால் மட்டும் நடப்பனவல்ல; கூட்டரசின் மானியத்தால் நடப்பன. எனவே ஒவ்வொரு முறையும் செலவு பேசப்படுகையில் இவ்வூர்களின் எதிர்காலமும் உடன் பேசப்படுகிறது. 2025 பிப்ரவரியில் மாஸ்விங்ஸைத் தன் உடைமையாக்கிக்கொள்ளச் சரவாக் மாநில அரசு ஒப்பந்தம் செய்துகொண்டமையை இப்பின்னணியில் நோக்க வேண்டும். விமானம் யாருடையது என்னும் வினா, எந்த ஊருக்குப் பறப்பது என்பதை முடிவுசெய்பவர் யார் என்னும் வினாவேயாகும்.

இழப்புகளும் பேசப்படாத கைகளும்

உழைப்பின் வரலாறு இழப்பின் வரலாறாகவும் இருக்கிறது. 1976 ஜூன் 6ஆம் நாள் சபாவின் முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உள்ளிட்ட பதினொருவரைச் சுமந்த நோமாட் விமானம் கோத்தா கினபாலுவை நெருங்கும்போது விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. 1995 செப்டம்பர் 15ஆம் நாள் தாவாவில் இறங்க முயன்ற ஃபொக்கர் 50 ஓடுபாதையைத் தாண்டிச் சென்று நொறுங்கியதில் 34 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் கூடாட்டில் ட்வின் ஆட்டர் ஒன்று விபத்துக்குள்ளாகி இருவர் இறந்தனர். குறுகிய ஓடுபாதை, மலை, திடீர் மழை ஆகியவற்றோடு நாள்தோறும் பொருதும் சேவையில் பிழைக்கு இடம் குறைவு.

அப்பிழை நேராமல் காத்தவர் பற்றி நம் வரலாறு பெரிதும் பேசவில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் இயந்திரத்துக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. பறந்த மணிகள், மாற்றிய உறுப்புகள், செய்த சோதனைகள் அனைத்தும் அதில் பதியப்படும். பணி முடித்த பொறிவினைஞர் கையொப்பமிட்டாலன்றி விமானம் எழாது. வரலாற்றாசிரியருக்கு இதனினும் நேரிய ஆவணம் கிடைப்பதரிது. எந்த நாளில், எந்த உறுப்பு பழுதுற்றது, யார் கைபட்டது என்பதை அது கூறும். ஆயினும் விமானம் உடைக்கப்படும்போது பதிவேடும் பெரும்பாலும் அதனோடு மறைகிறது.

செலேத்தார் வான்படைத் தளத்தை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். 1920களின் இறுதியில் தொடங்கிய அத்தளத்தில் உள்ளூர் ஊழியர் பலர் வேலை செய்தனர். அவர்களுள் இந்தியரும் இருந்தனர். தளத்தின் வாயிலை ஒட்டிய ஜாலான் காயு வட்டாரம் அவ்வூழியர்களால் வளர்ந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது அவர்களுள் பலரின் வாழ்க்கை திசைமாறியது. அத்தளத்தில் எஞ்சிய தொழில்திறன் பின்னர்ச் சிங்கப்பூரின் விமானப் பராமரிப்புத் துறைக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. தோட்டப் பாட்டாளி, துறைமுகத் தொழிலாளி, இரயில்வே ஊழியர் ஆகியோரின் வாழ்வு நம் இலக்கியத்திலும் ஆய்விலும் ஓரளவு பதிவாகியுள்ளது. விமானக் கொட்டகையில் எண்ணெய்க் கறையோடு உழைத்தவருக்கு அத்தகைய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஓர் ஒப்பீடு: பலாலி

விசிறி விமானத்தின் தொடர்ச்சியை விளக்க, மலாயாத் தமிழருள் ஒரு பிரிவினரின் முன்னோர் மண்ணிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் தன் முதல் சேவையை டிசி-3 விமானத்தில் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு அது சென்றது. பின்னாளில் போர் அவ்வழியை அடைத்தது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து முறையான சேவை தொடங்கியபோது அங்கு இறங்கியது ஏடிஆர் 72. ஏழு பதிற்றாண்டுகளுக்குப் பின்னும் அக்குறுங்கடலைக் கடக்க விசிறியே பொருத்தமாயிற்று. பாரியோவுக்குப் பொருந்திய அதே காரணங்கள் இங்கும் பொருந்துகின்றன: தொலைவு குறைவு, ஓடுபாதை சிறிது, பயணிகள் அளவானவர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, விசிறி விமானக் காலம், ஜெட் காலம் என்னும் பகுப்பு நெடுந்தொலைவுத் தடங்களுக்கே பொருந்தும். குறுந்தொலைவிலும் உள்நாட்டிலும் விசிறி ஓயவே இல்லை. இரண்டாவது, ஒரு கருவி நிலைப்பதும் மறைவதும் அதன் திறத்தை மட்டும் பொறுத்ததன்று. போர் விட்டுச்சென்ற எச்சம், நாட்டின் நில அமைப்பு, அரசின் மானியம், பராமரிப்போரின் கைத்திறன் ஆகியவை ஒருங்கே அதனை முடிவுசெய்கின்றன. மூன்றாவது, இவ்வரலாற்றுக்குரிய சான்றுகள் வேகமாகக் குறைந்து வருகின்றன.

இம்மூன்றாவது முடிவே நம் உடனடிக் கவனத்துக்குரியது. செலேத்தார் தளம் மூடப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அன்று இருபது வயதில் பணியாற்றிய இளைஞர் இன்று எழுபதைத் தாண்டியவர். சிங்கப்பூரில் 1979 முதல் இயங்கும் வாய்மொழி வரலாற்று நிலையம் போன்ற அமைப்புகள் உள்ளன. எனினும் தமிழ் பேசும் ஊழியரின் நினைவுகளைத் தமிழிலேயே கேட்டுப் பதிவது தமிழ்த்துறைகளும் தமிழாசிரியர்களும் மேற்கொள்ள வேண்டிய பணி. அப்பதிவில் வரலாற்றோடு மொழிக்கும் பயனுண்டு. தீப்பொறிச் செருகியை, பற்சக்கரப் பெட்டியை, ஓடுபாதையைக் கொட்டகைத் தொழிலாளர் தமக்குள் என்ன பெயரிட்டு வழங்கினர் என்பதை எந்த அகராதியும் தொகுத்துத் தந்ததில்லை. மாணவர் தம் குடும்பத்திலும் அண்டை வீட்டிலும் உள்ள முதியோரைச் சந்தித்துத் திரட்டும் ஓராண்டுத் திட்டப்பணியாக இதனை அமைத்தல் இயலும். விமானங்கள் அருங்காட்சியகத்தில் நிற்கும். அவற்றைப் பறக்கவைத்தவரின் சொற்கள் கேட்டு எழுதினாலன்றி நில்லா.